முன்னால் நிற்கிற வினையைப் பாருங்க: புதிதாக ஆங்கில மெயில் எழுதுகிறவர்களுக்கு இன்ஃபினிட்டிவும் வினைத்தொடரும்

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் புதிதாக மெர்ச்சண்டைசர் வேலைக்குச் சேர்ந்தவர், கரூரிலிருந்து பெட்ஷீட் வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் பதில் போட வேண்டியவர், கோயமுத்தூர் பம்ப் கம்பெனியில் சர்வீஸ் ரிப்போர்ட் எழுதுகிறவர் என்று பலரும் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்கள்தான். அவர்களுக்கு வார்த்தைகள் தெரியாமல் இல்லை. ஷிப்மென்ட், அப்ரூவல், ரிஜெக்ஷன், பேலன்ஸ் குவான்டிட்டி எல்லாம் ஒரு மாதத்தில் வாய்க்கு வந்துவிடும். கை நிற்பது வேறு இடத்தில், அதாவது இரண்டு வினைச்சொற்கள் அடுத்தடுத்து வருகிற இடத்தில். “டிட் நாட் ரிசீவ்” என்பதா, “டிட் நாட் ரிசீவ்ட்” என்பதா? “லெட் மீ நோ”வா, “லெட் மீ டு நோ”வா?

இதற்கு ஒரே ஒரு பிடிதான் உண்டு. பின்னால் வரும் வினை எந்த உருவத்தில் வர வேண்டும் என்பதை முன்னால் நிற்கும் வினைதான் தீர்மானிக்கிறது. பின்னால் வருவதன் அர்த்தத்தைப் பார்த்து முடிவு செய்யப் போனால் பாதி இடத்தில் தப்பு வரும். கீழே இருப்பதெல்லாம் இந்த ஒரு பிடியைப் பல இடங்களில் பயன்படுத்திப் பார்ப்பதுதான்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கண்ணால் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இந்தப் பாடம் காதில்தான் ஏறும்.

படி 1: தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் மூன்று

நம் பேச்சை முதலில் பாருங்கள். “நூல் வாங்க வந்தனுங்க.” “முதலாளி நூல் வாங்கச் சொன்னாரு.” “நூல் வாங்கோணும்.” “இந்த ரேட்டுக்கு நூல் வாங்க முடியாது.” “என்னைய நூல் வாங்க விடுங்க.” எல்லாவற்றிலும் ‘வாங்க’ என்ற ஒரே உருவம். இலக்கணத்தில் இதைச் ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்பார்கள். நன்னூல் அடுக்கும் 12 வினையெச்ச வாய்பாடுகளில் இதுவும் ஒன்று. (நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்துக்காரர் என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. ஆக, இலக்கணம் நமக்கு அந்நியம் என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.)

இப்போது அதே வாக்கியங்கள் ஆங்கிலத்தில்: “ஐ கேம் டு பை யார்ன்.” “தி பாஸ் டோல்ட் மீ டு பை யார்ன்.” “ஐ மஸ்ட் பை யார்ன்.” “ஐ கேனாட் பை யார்ன் அட் திஸ் ரேட்.” “லெட் மீ பை யார்ன்.” முதல் இரண்டில் ‘டு’ இருக்கிறது, அடுத்த மூன்றில் இல்லை. இத்தோடு, “நூல் வாங்குவதை நிறுத்திவிட்டோம்” என்றால் “வி ஸ்டாப்ட் பையிங் யார்ன்” என்று மூன்றாவதாக ஓர் உருவமும் வருகிறது.

டு பை, வெறும் பை, பையிங். முதல் இரண்டும் இன்ஃபினிட்டிவ், ஒன்று ‘டு’ வைத்தது, மற்றது ‘டு’ இல்லாதது. மூன்றாவதைப் பள்ளியில் ஜெரண்ட் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இந்த மூன்றில் ஒன்றை முன்வினை தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

படி 2: ‘டு’ வேண்டாத கூட்டத்தை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்

இந்தக் கூட்டம் சின்னது, அதனால் இதிலிருந்து தொடங்குவது லாபம். கேன், குட், மே, மைட், வில், வுட், ஷல், ஷுட், மஸ்ட். இந்த ஒன்பதுக்கும் பின்னால் வினையின் மூல உருவம் மட்டும்தான் வரும். ‘டு’, ‘எஸ்’, ‘இங்’, இறந்தகால உருவம் எதுவும் ஒட்டாது. “ஹி கேன் செக்” சரி, “ஹி கேன் செக்ஸ்” தப்பு.

ஏன் இவற்றுக்கு மட்டும் ‘டு’ இல்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பழைய ஆங்கிலத்தில் இன்ஃபினிட்டிவ் என்பது கடைசியில் ‘அன்’ என்று முடிகிற ஒற்றைச் சொல். ‘டு’ போடும் பழக்கம் பிற்பாடு பரவியது. கேன், மே போன்றவை அப்போதே ‘டு’ இல்லாத உருவத்தோடு ஒட்டிக்கொண்டவை, அப்படியே நின்றுவிட்டன. இதைத் தெரிந்துகொள்ளாமலும் மெயில் எழுதலாம்.

அடுத்தது டு, டஸ், டிட். (இந்த ‘டு’ வேறு, ‘செய்’ என்று பொருள்படும் வினை.) இவற்றுக்குப் பின்னாலும் மூல உருவம்தான். இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே சுமந்துவிட்டது, பின்வினை மறுபடி சுமக்காது. “வி டிட் நாட் ரிசீவ் தி லேபிள்ஸ்” என்றே எழுத வேண்டும். “டிட் நாட் ரிசீவ்ட்” நம் பக்கத்து மெயில்களில் அதிகம் கண்ணில் படுகிற தப்புகளில் ஒன்று.

மூன்றாவதாக லெட், மேக். “ப்ளீஸ் லெட் அஸ் நோ.” “தி பையர் மேட் அஸ் வெயிட்.” இரண்டிலும் நடுவில் ஆள் வருகிறார், அதற்குப் பின் வெறும் வினை. ஆனால் ‘மேக்’ செயப்பாட்டுக்குப் போனால் காணாமல் போன ‘டு’ திரும்பி வந்துவிடும்: “வி வேர் மேட் டு வெயிட்.” நாங்கள் காக்க வைக்கப்பட்டோம் என்று அர்த்தம். ‘ஹெல்ப்’ இரண்டுக்கும் ஒத்துப்போகும். “ஹெல்ப் அஸ் ஃபினிஷ்”, “ஹெல்ப் அஸ் டு ஃபினிஷ்” இரண்டும் சரி.

‘ஹாட் பெட்டர்’, ‘வுட் ராதர்’ இரண்டையும் இதே பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. “வி கேன் ஏபிள் டு ஷிப்” என்று எழுதுவது நம் ஊரில் பரவலான பழக்கம். ‘ஏபிள்’ வினையே இல்லை, அது பெயரடை. அது வர வேண்டுமானால் ஆம், இஸ், ஆர், பி இவற்றில் ஒன்று முன்னால் நிற்க வேண்டும். ஒன்று “வி கேன் ஷிப்”, இல்லையென்றால் “வி ஆர் ஏபிள் டு ஷிப்”. அடுத்த வாரம் முடியும் என்றால் “வி வில் பி ஏபிள் டு ஷிப்”. “வில் கேன்” என்று வராது, அந்த ஒன்பதில் ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் இடம்.

படி 3: ‘டு’ கேட்கிற வினைகள்

வான்ட், நீட், ப்ளான், ஹோப், அக்ரீ, ரெஃப்யூஸ், டிசைட், ப்ராமிஸ், மேனேஜ், ஃபெயில், ஆஃபர். பெரும்பாலும் இனிமேல் நடக்கப் போகிறதைப் பற்றிய வினைகள் இவை. “வி ப்ளான் டு ஷிப் ஃப்ரம் தூத்துக்குடி.” “தே அக்ரீட் டு பே தி ஃப்ரெய்ட்.” எதிர்காலம் என்பது நினைவில் வைக்க ஒரு துணை மட்டும்தான், சட்டம் இல்லை. ‘மேனேஜ்’, ‘ஃபெயில்’ நடந்து முடிந்ததைச் சொல்லும்போதும் ‘டு’ தான் கேட்கும்.

ஒருவரை ஒன்று செய்யச் சொல்வது அலுவலக மெயிலில் தினமும் வரும். அதற்கு வினை, ஆள், ‘டு’ என்ற வரிசை. “வி வான்ட் யூ டு கன்ஃபர்ம் தி கலர்.” “ப்ளீஸ் ஆஸ்க் தெம் டு சென்ட் தி சாம்பிள்.” “வி ரிக்வெஸ்ட் யூ டு அப்ரூவ்.” ஆஸ்க், டெல், வான்ட், அட்வைஸ், ரிமைண்ட், அலௌ எல்லாம் இதே வரிசைதான். நீங்கள் கன்ஃபர்ம் பண்ண வேண்டும் ‘என்று’ விரும்புகிறோம் என்ற தமிழ் நினைப்பில் “வி வான்ட் தட் யூ கன்ஃபர்ம்” என்று எழுதிவிடுகிறோம். ‘வான்ட்’ அந்தத் ‘தட்’டை ஏற்காது.

‘நாட்’ எங்கே நிற்கிறது என்பதிலும் பணம் இருக்கிறது. “வி டிசைடட் நாட் டு ஷிப்” என்றால் அனுப்புவதில்லை என்று முடிவெடுத்துவிட்டோம். “வி டிட் நாட் டிசைட் டு ஷிப்” என்றால் அனுப்பலாம் என்ற முடிவை எடுக்கவில்லை, அவ்வளவுதான். முதலாவதைப் படிக்கிற பையர் ஆர்டர் போச்சு என்று நினைப்பார், இரண்டாவதைப் படித்தால் இன்னும் பேசலாம் என்று நினைப்பார்.

படி 4: ‘இங்’ கேட்கிற வினைகள், கூடவே ஒரு போலி ‘டு’

ஃபினிஷ், அவாய்ட், என்ஜாய், மைண்ட், கன்சிடர், சஜஸ்ட், டிலே, போஸ்ட்போன், கீப், ரிஸ்க். இவற்றுக்குப் பின்னால் ‘டு’ வராது. “வி ஹாவ் ஃபினிஷ்ட் கட்டிங்.” “ப்ளீஸ் அவாய்ட் யூஸிங் மெட்டல் பின்ஸ்.”

‘சஜஸ்ட்’ மட்டும் தனிக் கவனம் கேட்கிறது. “தே சஜஸ்டட் அஸ் டு சேஞ்ச் தி பட்டன்” என்று ‘ஆஸ்க்’ மாதிரி எழுதக் கூடாது. “தே சஜஸ்டட் சேஞ்சிங் தி பட்டன்” அல்லது “தே சஜஸ்டட் தட் வி சேஞ்ச் தி பட்டன்”. பார்த்தீர்களா, ‘வான்ட்’ வேண்டாம் என்ற ‘தட்’டை ‘சஜஸ்ட்’ கேட்டு வாங்குகிறது. அர்த்தம் இரண்டுக்கும் பக்கத்தில்தான், நடத்தைதான் வேறு. அதனால்தான் ஒரு புது வினையைக் கற்கும்போது அதை மட்டும் தனியாக எழுதி வைக்காமல், பின்னால் என்ன வரும் என்பதையும் சேர்த்தே எழுதி வைக்கச் சொல்கிறேன். நோட்டில் ‘சஜஸ்ட் – பரிந்துரை’ என்று எழுதினால் பாதிதான் எழுதினீர்கள். ‘சஜஸ்ட் டூயிங்’ என்று எழுதுங்கள்.

ஆஃப்டர், பிஃபோர், வித்தவுட், பை, இன்ஸ்டெட் ஆஃப் போன்ற முன்னிடைச்சொற்களுக்குப் பின்னால் வினை வந்தால் எப்போதும் ‘இங்’ தான். “பிஃபோர் பேக்கிங்”, “வித்தவுட் செக்கிங்”. இதில் யாரும் அதிகம் தப்பு செய்வதில்லை.

தப்பு வருவது ‘டு’வே முன்னிடைச்சொல்லாக வேடம் போட்டு வரும்போது. “வி லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ” என்று முடிகிற மெயில்கள் எத்தனை! ‘டு’வைப் பார்த்தவுடன் வெறும் வினையைப் போட்டுவிடுகிறோம். அது “டு ஹியரிங் ஃப்ரம் யூ” என்று இருக்க வேண்டும். எந்த ‘டு’ எது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ‘டு’வுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். “லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை” நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் அது முன்னிடைச்சொல், பின்னால் ‘இங்’ வரும். “வான்ட் டு யுவர் ரிப்ளை” என்று சொல்லவே முடியாது, ஆகவே அது இன்ஃபினிட்டிவ் ‘டு’. ‘அப்ஜெக்ட் டு’, ‘கமிட்டட் டு’ இரண்டையும் இதே சோதனையில் போட்டுப் பாருங்கள்.

‘யூஸ்ட் டு’ இரண்டு பக்கமும் விளையாடும். “ஐ யூஸ்ட் டு ஒர்க் இன் ஈரோடு” என்றால் முன்பு ஈரோட்டில் வேலை பார்த்தேன், இப்போது இல்லை. “ஐ ஆம் யூஸ்ட் டு ஒர்க்கிங் அட் நைட்” என்றால் ராத்திரி வேலை எனக்குப் பழகிவிட்டது.

படி 5: எதற்காக வந்தேன் என்று சொல்வது

“நூல் வாங்கறதுக்காக வந்தேன்” என்பதை “ஐ கேம் ஃபார் பையிங் யார்ன்” என்று சொல்கிறோம். ஓர் ஆள் ஒரு வேலையை என்ன நோக்கத்தில் செய்தார் என்பதற்கு ‘டு’ போதும்: “ஐ கேம் டு பை யார்ன்.” கொஞ்சம் கெத்தாக எழுத வேண்டுமென்றால் “இன் ஆர்டர் டு”. ‘ஃபார்’ போட்டு ‘இங்’ வருவது ஒரு பொருள் எதற்குப் பயன்படுகிறது என்று சொல்ல: “திஸ் மெஷின் இஸ் ஃபார் கட்டிங் காலர்ஸ்.”

படி 6: இரண்டும் வரும், அர்த்தம் மாறும்

ஸ்டார்ட், பிகின், கன்டின்யூ இவற்றில் எதைப் போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ‘ஸ்டாப்’, ‘ரிமெம்பர்’, ‘ஃபர்கெட்’, ‘ட்ரை’, ‘ரிக்ரெட்’ ஐந்தும் அப்படி இல்லை.

“தி லைன் ஸ்டாப்ட் செக்கிங்” என்றால் அந்த லைனில் செக்கிங்கையே விட்டுவிட்டார்கள். “தி லைன் ஸ்டாப்ட் டு செக்” என்றால் செக் பண்ணுவதற்காக ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்தினார்கள். தர ஆய்வு ரிப்போர்ட்டில் இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

“ரிமெம்பர் டு லாக் தி கோடௌன்” என்றால் மறக்காமல் பூட்டு. “ஐ ரிமெம்பர் லாக்கிங் தி கோடௌன்” என்றால் பூட்டினது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ‘டு’ வந்தால் ஞாபகம் முந்தி, வேலை பிந்தி. ‘இங்’ வந்தால் வேலை முந்தி, ஞாபகம் பிந்தி. ‘ரிக்ரெட்’டும் இப்படித்தான். “வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ” என்பது கெட்ட செய்தி சொல்வதற்கு முன் போடும் மரியாதை. “வி ரிக்ரெட் இன்ஃபார்மிங் யூ” என்று எழுதினால் உங்களிடம் சொன்னதற்காக இப்போது வருத்தப்படுகிறோம் என்று ஆகிவிடும், பையர் கோபித்துக்கொண்டால் குற்றம் சொல்ல முடியாது.

படி 7: வினைத்தொடர், தமிழை வாலிலிருந்து படியுங்கள்

மெயின் வெர்பும் அதன் முன்னால் நிற்கும் ஹெல்பிங் வெர்புகளும் சேர்ந்ததுதான் இங்கே வினைத்தொடர். மொழியியல் புத்தகங்களில் செயப்படுபொருளையும் சேர்த்து வினைத்தொடர் என்பார்கள், மெயில் எழுத அது தேவைப்படாது.

“மஸ்ட் ஹாவ் பீன் சென்ட்.” நான்கு வினை வரிசையாக நிற்பதைப் பார்த்தவுடன் பலருக்குப் பயம் வந்துவிடுகிறது. ஆனால் இதைவிட நீளமான வினைத்தொடரை நாம் டீக்கடையில் நின்று யோசிக்காமல் சொல்கிறோம். ‘அனுப்பப்பட்டிருக்க வேண்டும்’ என்பதைத் துண்டு துண்டாகப் பிரித்து, வாலிலிருந்து தலைக்கு வாருங்கள். ‘வேண்டும்’ என்றால் மஸ்ட். ‘இருக்க’ என்றால் ஹாவ். ‘பட்டு’ என்றால் பீன். ‘அனுப்ப’ என்றால் சென்ட். அப்படியே வந்துவிட்டது.

இன்னொன்று. ‘தெச்சுட்டு இருந்திருக்கலாம்’. வாலில் இருக்கும் ‘லாம்’ தான் மே. அதற்கு முந்திய ‘இருக்க’ ஹாவ். அதற்கு முந்திய ‘இருந்து’ பீன். தலையில் நிற்கும் ‘தெச்சுட்டு’ ஸ்டிச்சிங். “மே ஹாவ் பீன் ஸ்டிச்சிங்.” தமிழில் கடைசியில் வருவது ஆங்கிலத்தில் முதலில் வருகிறது, நடுவில் உள்ளவையும் அப்படியே திரும்பி நிற்கின்றன. எல்லா வாக்கியத்துக்கும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீளமான தொடர் ஒன்றில் சிக்கிக்கொண்டால் முதலில் இப்படிப் பிரித்துப் பார்ப்பது பலன் தரும்.

வரிசை மாறவே மாறாது. மோடல் (படி 2இல் பார்த்த கேன், மஸ்ட் முதலான ஒன்பதில் ஒன்று), பிறகு ஹாவ், பிறகு பி, பிறகு செயப்பாட்டு பி, கடைசியில் மெயின் வெர்ப். எல்லாமும் வர வேண்டும் என்பதில்லை, வருகிறவை இந்த வரிசையில் வரும். ஒவ்வொன்றும் தனக்கு அடுத்ததன் உருவத்தைத் தீர்மானிக்கும். மோடலுக்கு அடுத்தது மூல உருவம். அதனால்தான் “ஷுட் ஹாஸ்” என்று வருவதில்லை, எழுவாய் ஹி ஆனாலும் “ஷுட் ஹாவ்” தான். ஹாவுக்கு அடுத்தது மூன்றாம் உருவம்: சென்ட், பீன், டன். நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் பிக்கு அடுத்தது ‘இங்’. செயப்பாட்டு பிக்கு அடுத்தது மறுபடி மூன்றாம் உருவம்.

இந்தக் கடைசி இரண்டைக் குழப்பிக்கொள்வது நம் பக்கத்தில் வாடிக்கை. “தி கூட்ஸ் ஆர் லோடிங்” என்று எழுதுவோம். சரக்கு தானாக ஏறுவதில்லை, ஏற்றப்படுகிறது. “தி கூட்ஸ் ஆர் பீயிங் லோடட்.” துணி பிரிண்டிங்கில் இருந்தால் “தி ஃபேப்ரிக் இஸ் பீயிங் ப்ரின்டட்”.

காலம் காட்டும் வேலை முதல் வினைக்கு மட்டும்தான். கேள்வி கேட்க அதையே எழுவாய்க்கு முன்னால் தள்ளுங்கள்: “ஹாவ் தி கார்டன்ஸ் பீன் செக்ட்?” மறுக்க அதற்குப் பின்னால் ‘நாட்’ போடுங்கள்: “தி கார்டன்ஸ் ஹாவ் நாட் பீன் செக்ட்.” ஹெல்பிங் வெர்பே இல்லாத வாக்கியத்தில் டு, டஸ், டிட் வந்து அந்த வேலையைச் செய்யும், பின்வினை படி 2இல் சொன்னபடி மூல உருவத்துக்குப் போகும்.

‘வேண்டும்’ என்ற ஒன்றை மட்டும் பார்த்து மொழிபெயர்க்கும்போது ஒரு ஆபத்து உண்டு. ‘நீங்க நேத்தே அனுப்பியிருக்கோணும்’ என்று நாம் சொல்வதில் இரண்டு அர்த்தம் இருக்கலாம். அனுப்பியிருப்பீர்கள் என்று ஊகித்தால் “யூ மஸ்ட் ஹாவ் சென்ட் இட் எஸ்டர்டே”. அனுப்பியிருக்க வேண்டியது, அனுப்பவில்லை என்று குறை சொன்னால் “யூ ஷுட் ஹாவ் சென்ட் இட் எஸ்டர்டே”. தமிழில் குரலே வித்தியாசத்தைக் காட்டிவிடும், மெயிலுக்குக் குரல் கிடையாது.

‘ஹாவ்’ பற்றி ஒரு வரி. வருஷம், தேதி, ‘எஸ்டர்டே’ போன்ற முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் நிகழ்கால ‘ஹாவ்’, ‘ஹாஸ்’ வராது. ஈரோடு மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது என்று தமிழில் தாராளமாக எழுதலாம். ஆங்கிலத்தில் “ஈரோடு டர்மரிக் காட் தி ஜி.ஐ. டேக் இன் 2019” என்றுதான் வரும். வருஷத்தை எடுத்துவிட்டால் “ஹாஸ் காட்” வரலாம்.

படி 8: இன்ஃபினிட்டிவுக்குள்ளும் தொடர் உண்டு

குடோனில் தொங்கும் போர்டுகளைப் பாருங்கள்: “டு பி செக்ட்”, “டு பி பேக்ட்”. செக் பண்ண வேண்டியவை, பேக் பண்ண வேண்டியவை. ‘டு’வுக்குப் பின்னால் ‘பி’, அதற்குப் பின்னால் மூன்றாம் உருவம், படி 7இன் வரிசையேதான். முன்பே நடந்திருக்க வேண்டிய ஒன்றானால் “டு ஹாவ் பீன்”: “தி பேலன்ஸ் வாஸ் டு ஹாவ் பீன் ஷிப்ட் லாஸ்ட் வீக்” என்றால், மீதிச் சரக்கு போன வாரமே போயிருக்க வேண்டியது, போகவில்லை.

‘டு’வுக்கும் வினைக்கும் நடுவில் வேறு சொல் வரலாமா என்று சிலர் கேட்பார்கள். “டு கேர்ஃபுல்லி செக்” என்று எழுதலாம். கூடாது என்ற தடை 19ஆம் நூற்றாண்டில் சில இலக்கணக்காரர்கள் வலியுறுத்திப் பரவியது, ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பேசியே வந்திருக்கிறார்கள். மேலதிகாரிக்குப் பிடிக்காது என்றால் “டு செக் கேர்ஃபுல்லி” என்று மாற்றிவிடுங்கள், சண்டை எதற்கு.

பயிற்சிக்குத் தனிப் புத்தகம் வேண்டாம். உங்கள் மெயிலின் ‘சென்ட்’ பெட்டியைத் திறந்து, போன வாரம் அனுப்பினவற்றில் பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வினைகள் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு இடத்திலும் முன்வினைக்கு அடியில் ஒரு கோடு போடுங்கள், பின்வினை அது கேட்ட உருவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தப்பானவற்றைத் திருத்தி, ‘சஜஸ்ட் டூயிங்’, ‘வான்ட் யூ டு டூ’ என்று ஜோடியாக நோட்டில் ஏற்றுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரே நான்கைந்து தப்புகள்தான் திரும்பத் திரும்ப வரும். பையர் அனுப்பும் மெயில்களையும் இதே கண்ணோடு படியுங்கள். ஆனால் எல்லா பையருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை, இத்தாலிக்காரரோ ஸ்பெயின்காரரோ எழுதினதை அப்படியே நோட்டில் ஏற்றிவிடாதீர்கள்.